முரளிக்கு ஒரு விதம், அரவிந்தவுக்கு இன்னொரு விதம்

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் முத்தையா முரளிதரன் முதலில் வீசியது மிதவேகப் பந்து. பதினான்கு வயதில் அவரைச் சுழற்பந்துக்குத் திருப்பியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. ஆர்வம் கொள்ளை கொள்ளையாக இருந்தும் தன் கைக்கு எது பொருந்தும் என்று தெரியாத வயது. அந்தப் பையனிடம் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்தால் கண்டிக்கு இன்னுமொரு சுமாரான வேகப்பந்து வீச்சாளர் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

1995 டிசம்பர் 26, மெல்பர்ன். முரளி பந்தை எறிகிறார் என்று நடுவர் டரல் ஹெயார் மூன்று ஓவர்களில் ஏழு முறை 'நோ போல்' கொடுத்தார். முரளியின் திறமை முந்தின நாள் இருந்தபடியேதான் இருந்தது. அடி விழுந்தது மனதில். அந்த நேரத்தில் பந்துவீச்சுப் பாடம் நடத்தும் தலைவரால் என்ன பயன்? இலங்கை அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளியை ஓரங்கட்டவில்லை. மறுமுனையில் பந்தைக் கொடுத்தார். அங்கே நின்ற நடுவர் ஸ்டீவ் டன் ஆட்சேபிக்கவில்லை. 1999 ஜனவரியில் அடிலெய்டில் நடுவர் ரொஸ் எமர்சன் அதே குற்றச்சாட்டைக் கிளப்பியபோது, ரணதுங்க அணியையே எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் நடுவரிடம் விரல் நீட்டிப் பேசிய விதம் அழகில்லைதான். ஆனாலும் அன்று முரளிக்கு வேண்டியிருந்தது அறிவுரை அல்ல, அரண்.

அதே ரணதுங்கவின் 1996 உலகக் கிண்ண அணியில் ஜயசூரியவுக்கும் களுவிதாரணவுக்கும் தொடக்கத்திலிருந்தே அடித்தாட உரிமம் இருந்தது. லாகூர் இறுதிப் போட்டியில் இருவரும் சீக்கிரமே வெளியேற, 23 ஓட்டங்களுக்கு 2 விக்கெட். நிதானத்துக்குப் பேர்போன குருசிங்க 65 எடுத்தார். அரவிந்த டி சில்வா 107 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். அரவிந்தவுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

அமெரிக்கர்களான போல் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் ஆளுக்கேற்ற இந்த அணுகுமுறையை 1969இலேயே முகாமைத்துவக் கோட்பாடாக எழுதிவிட்டார்கள்: ஆளின் ஆற்றலையும் ஈடுபாட்டையும் பார்த்து, சொல்லிக்கொடுப்பதா, ஊக்குவிப்பதா, சேர்ந்து முடிவெடுப்பதா, பொறுப்பை விட்டுவிடுவதா என்று தீர்மானி. புத்தகம் படித்த மேலாளர்களுக்குக் கண்டியில் பஞ்சமில்லை. காலையில் எல்லாரையும் ஒரே குரலில் அதட்டுபவர்களும் அவர்களேதான்.

தேயிலைத் தோட்டங்களில் இந்த ஒரே மாதிரி அதட்டல் இன்னும் பளிச்சென்று தெரியும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதிலிருந்து துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று அதிகாரம் மேலிருந்து கீழேதான் இறங்கிவந்திருக்கிறது. பறித்த கொழுந்து குறித்த நிறைக்குக் குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். அந்த நிறை தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஆளுக்கு ஆள் மாறாது.

சம்பள விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதுதான். இல்லாவிட்டால் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பாகுபாடு புகுந்துவிடும். மேற்பார்வை ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? புதிதாக மலையேறிய பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுக்க வேண்டும். முப்பது வருடம் கொழுந்தெடுத்த அம்மாவுக்குப் பின்னால் நின்று கத்துவது அவமரியாதை. அரைப்பேர் எழுதுமுன் ஐயாமார் ஒன்றை மட்டும் விசாரிக்கட்டும்: நிறை குறைந்தது வேலை தெரியாமலா, மனம் விட்டுப்போனதாலா?