பேச்சு வேறு, ஓட்டு வேறு

நம் கடைத் தராசுக்கு அரசு முத்திரை உண்டு. கட்சிகளின் கொள்கைக்கு முத்திரை போட யார் இருக்கிறார்கள்?

சில்லறை வணிகத்தில் அன்னிய முதலீட்டையே எடுத்துக்கொள்வோம். 2002-ல் பா.ஜ.க. ஆட்சியில் இந்த யோசனை எழுந்தபோது காங்கிரஸ் எதிர்த்தது. 2012 செப்டம்பரில் அதே காங்கிரஸ் அரசு 51 சதவீதம் வரை அனுமதித்தது. இப்போது எதிர்த்தது பா.ஜ.க. அந்தக் கட்சி 2014-ல் ஆட்சிக்கு வந்தது. 2016-ல் உள்நாட்டு உணவுப் பொருள் விற்பனையில் 100 சதவீத அன்னிய முதலீட்டுக்குக் கதவு திறந்தது.

இடதுசாரிகள் இதில் தடம் புரளவில்லை. ஆனால் 2005-ல் வணிகர்கள் எதிர்த்த ‘வாட்’ வரியை வகுத்த மாநில நிதியமைச்சர்கள் குழுவின் தலைவர், மேற்கு வங்க இடதுசாரி அமைச்சர் அசீம் தாஸ்குப்தா. சொல் மாறாதவர் எல்லாம் நம் பக்கம் நிற்பவர் அல்லர்.

2012 டிசம்பர் 5 அன்று லோக்சபாவில் அன்னிய முதலீட்டுக்கு எதிரான தீர்மானம் 218-க்கு 253 என்று தோற்றது. எதிர்ப்பதாகச் சொன்ன தி.மு.க. அரசின் பக்கம் ஓட்டளித்தது. சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் வெளிநடப்பு செய்தன.

வணிகப் பெருமக்களே! கடன் கேட்பவரின் பழைய கணக்கைப் புரட்டாமல் நாம் சரக்குக் கொடுப்பதில்லை. ஓட்டுக் கேட்டு வருபவருக்கும் ஒரு பேரேடு வையுங்கள். மேடையில் பேசியதை விட்டுவிட்டு, சபையில் ஓட்டளித்ததை மட்டும் அதில் பதியுங்கள்.