பக்கத்தில் உட்காருங்கள்



பொதுத்தேர்வு மாதம் வந்துவிட்டால் நம் வீடுகளின் குரலே மாறிவிடுகிறது. டி.வி. சத்தம் குறைகிறது, "படிச்சியா?" என்ற கேள்வி கூடுகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி வெறும் எரிச்சல். சிலருக்கோ அது தினமும் வாங்கும் அடி. படிக்க உட்கார்ந்தது உண்மை, படிக்க நினைத்ததும் உண்மை. பாடம் மட்டும் நகரவில்லை. அவர்களைப் பற்றித்தான் இந்த இதழில் உங்களோடு பேச நினைக்கிறேன்.

மாலை ஆறு மணி. பிளஸ் டூ மாணவி ஒருத்தி விலங்கியல் புத்தகத்தைத் திறக்கிறாள். முதல் வரிக்கு ஸ்கேல் வைத்து அடிக்கோடு போடுகிறாள். பேனா எழுத மறுக்கிறது. ரீஃபில் தேட டிராயரை இழுத்தால் உள்ளே பழைய பஸ் பாஸ். அதிலிருக்கும் தன் ஒன்பதாம் வகுப்புப் படத்தைத் தோழிக்கு அனுப்பப் போனை எடுக்கிறாள். அம்மா கதவைத் திறக்கும்போது மணி ஏழு. ரீஃபில் இன்னும் கிடைத்தபாடில்லை.

"மூளை இருக்கு, அக்கறைதான் இல்லை" என்பார் அம்மா. ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு உள்ளவர்கள் சிறுவயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வாக்கியம் இது. மருத்துவ உலகமும் இந்த இடத்தில் தடுமாறித்தான் வந்திருக்கிறது. 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி உரையாற்றினார். அறிவில் குறைவில்லை, ஆனாலும் தன்னைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று சரியாகவே கவனித்த அவர், அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறையாக விவரித்தார். மருத்துவம் அந்த இடத்தைத் தாண்டி வந்து வெகுகாலமாகிறது. நம் வீடுகளும் அலுவலகங்களும் பல நேரம் அங்கேயே நிற்கின்றன.

இன்று தெரிந்தவரை, இது மூளை வளர்ச்சியும் செயல்பாடும் சார்ந்த குறைபாடு. இதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. உலக அளவில் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இருப்பதாகக் கணிக்கிறார்கள். அப்படியானால் நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் சராசரியாக இரண்டு பேர். ஓடியாடி வகுப்பைக் கலக்கும் பையன் எளிதில் கண்ணில் படுகிறான். கடைசி பெஞ்சில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சத்தமில்லாமல் தொலைந்துபோகும் பெண் தப்பிவிடுகிறாள். கல்லூரி முடித்து வேலைக்கும் போன பிறகுதான் தனக்கு இது இருப்பதைப் பலர் அறிகிறார்கள்.

"மூணு மணி நேரம் அசையாம கேம் விளையாடுறானே, அப்ப மட்டும் கவனம் எங்கிருந்து வருது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இவர்களிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய பக்கம் திருப்புவதுதான் சிரமம். பிடித்தது, புதியது, உடனே பலன் தருவது, தலைக்கு மேல் வந்துவிட்டது என்றால் மூளை தானாக விழித்துக்கொள்ளும். மூன்று வாரம் கழித்து வரும் தேர்வு அதற்கு ஏறக்குறைய இல்லாத தேர்வு. அலுவலகத்தில் மாதக் கணக்கைக் கடைசி இரவு வரை தொடாமல் வைத்திருந்து, விடிவதற்குள் பிரமாதமாக முடித்துக் கொடுப்பவரின் கதையும் இதுவே. என்ன செய்யவேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதைச் செய்யவேண்டிய நேரத்தில் தொடங்க முடிவதில்லை.

அறிவுரை இங்கே பலிக்காததற்குக் காரணம் அதுதான். தெரிந்ததையே திரும்பச் சொல்வதைவிட, வேலை நடக்கும் மேஜையில் உதவியைக் கொண்டுவந்து வைப்பது பலன் தரும்.

முதலில், தொடக்கத்தைச் சின்னதாக்குங்கள். "இன்னிக்கு மூணாம் பாடம்" என்றால் மலைப்பு. "இந்தப் படத்தை வரைந்து பாகங்களைக் குறி" என்றால் கை நகரும். நேரம் கண்ணுக்குத் தெரியட்டும்: எதிரே முள் கடிகாரம் ஒன்று, இருபது இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு அலாரம், பிறகு எழுந்து நடக்க ஐந்து நிமிடம். பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். ரீஃபில், தோழியின் பிறந்தநாள், நாளைய அசைன்மென்ட் என்று நடுவில் முளைக்கும் எதையும் அதில் எழுதிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பலாம். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். கவிழ்த்து வைத்தால் போதாது. தூக்கத்தைத் திருடிப் படிக்க வைக்காதீர்கள், விளையாட்டை நிறுத்தாதீர்கள். இரண்டும் கவனத்துக்கு உரம்.

வேலைக்குப் போகிறவர்கள் பெரிய கெடுவைச் சிறு கெடுக்களாக உடைத்து, ஒவ்வொன்றையும் ஒருவரிடம் காட்டுவதாகச் சொல்லி வையுங்கள். வாயால் சொன்ன வேலையை வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாக அனுப்பச் சொல்லிக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. மேலதிகாரிகளே, கேட்டால் அனுப்பிவிடுங்கள். அந்த இரண்டு வரி இரண்டு பேருடைய வேலையையும் காப்பாற்றும்.

இவ்வளவும் செய்து போதவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி நீங்களே பெயர் சூட்டிக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிகின்றனவா, அன்றாடத்தைக் கெடுக்கின்றனவா என்றெல்லாம் விசாரித்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருவார். தூக்கக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, பார்வை, செவிக் குறைகள்கூட இதே வேஷத்தில் வரலாம். மாத்திரை என்றதும் பதற வேண்டியதில்லை. அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், ஊக்க மருந்து கொடுத்த பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் தெளிந்ததை 1937-லேயே பதிவு செய்தார். இன்று மெத்தில்பெனிடேட், அடோமாக்ஸிடின் போன்றவை மருத்துவர் கண்காணிப்பில் பலருக்கு நன்றாகப் பயன்படுகின்றன. மருத்துவர் சீட்டு இல்லாமல், 'தேர்வுக்கு உதவும்' என்று யாரோ தரும் மாத்திரையை மட்டும் தொடவே கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.

கடைசியாக, காசு செலவில்லாத ஒரு வழி. அருகில் ஒருவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தாலே இவர்களில் பலருக்கு வேலை ஓடும். இன்று மாலை உங்கள் பிள்ளை புத்தகத்தைத் திறக்கும்போது "படிச்சியா?" என்று சமையலறையிலிருந்து கேட்காதீர்கள். கீரையோ கணக்கு நோட்டோ கையில் எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் பக்கத்தில் போய் உட்காருங்கள். கேள்வி கேட்காமல், எட்டிப் பார்க்காமல் உட்காருங்கள். ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்