நின்ற முள்ளும் ஓடும் முள்ளும்

ஓட்டப் பந்தயத்தில் முதலில் வந்தவனுடைய காலத்தைக் குறிப்பது எளிது. அவன் எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை நிறுத்தினால் போதும். ஆனால், அப்படி நிறுத்திவிட்டால் இரண்டாவதாக வருகிறவன் கதி என்ன? அவனும் ஓடித்தானே வந்தான்?

இந்த நியாயமான கேள்விக்கு விடையாக அமைந்ததே இரட்டை விநாடி முள் கடிகாரம். 1932-ஆம் வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயங்களுக்கு ஒமேகா கம்பெனியார் இத்தகைய கடிகாரங்கள் 30 அனுப்பினார்கள். விநாடியில் 10-ல் ஒரு பங்கைக்கூட அவை காட்டின.

ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முட்கள் சேர்ந்தே ஓடும். பொத்தானை அழுத்தினால் ஒன்று நின்றுவிடும், மற்றது ஓடிக்கொண்டிருக்கும். நின்ற முள் காட்டுவதை எழுதிக்கொண்டு மறுபடி அழுத்தினால், அது ஒரே தாவலில் தன் தோழனைப் பிடித்துவிடும்!

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஓடும் முள்ளின் அச்சில் இருதய வடிவமான தகடு ஒன்று இருக்கிறது. மற்ற முள்ளின் சக்கரத்தில் ஒரு சிறு நெம்புகோலும், அதன் நுனியில் கெம்புக் கல் உருளையும் இருக்கின்றன. மெல்லிய வில் ஒன்று உருளையை இருதயத்தின்மேல் அழுத்துகிறது. உருளை இருதயத்தின் பள்ளத்தில் பதிந்திருக்கும் வரையில் இரு முட்களும் ஒன்றே. இடுக்கி வந்து சக்கரத்தைக் கவ்வினால் உருளை நின்றுவிட, இருதயம் மட்டும் சுழலும். இடுக்கி விட்டதும் உருளை சறுக்கிப் பள்ளத்துக்கு வந்து சேரும்.

சங்கடம் இங்கேதான் பிறக்கிறது. சுழலும் இருதயம் ஒவ்வொரு சுற்றிலும் உருளையை மேட்டுக்குத் தள்ளியாக வேண்டும். அதற்கான பலம் கடிகாரத்தின் ஓட்டத்திலிருந்தே போகிறது. பாலன்ஸ் சக்கரத்தின் ஆட்டம் குறுகுகிறது, நடையும் மாறுகிறது. முதல்வனுக்குச் சாட்சி சொல்ல நின்ற முள், இரண்டாமவனுடைய கணக்கில் கை வைக்கிறது! வித்தியாசம் சொற்பம்தான். ஆயினும், விநாடியைக் கூறு போடவே பிறந்த யந்திரத்துக்கு அது அழகாகுமா?

இதைத் தீர்க்கும் சிறு உறுப்பை 'ஐஸொலேட்டர்' என்கிறார்கள். நாம் 'விலக்கி' என்று சொல்லலாம். இடுக்கி கவ்வும்போதே விலக்கி உருளையை இருதயத்திலிருந்து தூக்கி விடுகிறது. இருதயம் தடையின்றிச் சுழல்கிறது. இடுக்கி விட்டதும் உருளையைப் பழைய இடத்தில் இறக்கிவிடுகிறது.

எல்லா இரட்டை முள் கடிகாரங்களிலும் விலக்கி கிடையாது. உறுப்புகள் கூடும், அவற்றைச் சீராக்குவதும் கடினம். இன்று பெரிய பந்தயங்களில் மின்சாரக் கருவிகளே காலத்தைக் கணிக்கின்றன. இருந்தும், தேர்ந்த தொழிலாளர் சிலர் விலக்கியை இன்னும் செய்து வருகிறார்கள். கடிகார முகத்தில் அது தெரிவதேயில்லை. இரண்டாவதாக வருகிறவனுக்கும் அநியாயம் நேரக்கூடாது என்று யாரும் காணாத இடத்தில் கவலைப்படும் அந்த வேலை, நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.