சிகரெட்டை விட்டுவிட்டுப் பையைத் தடுப்பதா?

“நிகோட்டின் எந்த உருவில் வந்தாலும் கேடுதான், சிகரெட்டும் நிகோட்டின் பையும் ஒன்றே” என்கிறார்கள். அடிமையாக்குவது நிகோட்டின், மறுக்கவில்லை. ஆனால் நுரையீரலை அரிப்பது புகையிலை எரியும்போது பிறக்கும் தாரும் மற்ற நச்சுகளும். உதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கும் பையில் எதுவும் எரிவதில்லை. புகையிலை இலையும் அதில் இல்லை.

சுவீடனைப் பாருங்கள். இந்தப் பையைப் போலவே எரியாமல் வாயில் ஒதுக்கும், ஆனால் புகையிலை கொண்ட ஸ்னூஸின் விற்பனையை ஐரோப்பியச் சமூகம் 1992-இல் தடை செய்தது. 1995-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த சுவீடன் விலக்குப் பெற்றுக்கொண்டது. இன்று அங்கே தினமும் புகைப்பவர்கள் சுமார் 5 சதவீதம். ஆண்களின் நுரையீரல் புற்றுநோய் ஐரோப்பாவிலேயே மிகக் குறைவாக உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. வரியும் சட்டமும் உதவின என்பது சரி. அதற்காக ஸ்னூஸின் பங்கை மறைப்பது நேர்மையல்ல. பெல்ஜியம் 2023-இல் நிகோட்டின் பைகளைத் தடை செய்தது, சிகரெட்டை விட்டுவைத்தது. இதனால் யாருடைய நுரையீரல் பிழைத்தது?

சிறுவர்கள் பழகிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. வயது வரம்பு, நிகோட்டின் அளவுக்கு உச்சவரம்பு, விளம்பரத் தடை எல்லாம் கடுமையாகவே வரட்டும். புகைக்காதவர் இதைத் தொடவே வேண்டாம். ஆனால் 30 ஆண்டுகள் புகைத்து, நிகோட்டின் சூயிங்கமும் பலிக்காமல் தவிப்பவரிடம் “எல்லாம் ஒன்றுதான்” என்று சொன்னால், அவர் மறுபடி சிகரெட்டைத்தான் பற்றவைப்பார்.