இன்னொரு டக்சனா, ஓர் அணியா?

“நல்ல பின்கள வீரன் ஒருவன் கிடைத்தால் போதும், அணி தலைநிமிர்ந்துவிடும்” என்ற கருத்து, மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த கரையோரத்திலும் உதைபந்தாட்டத்தை நேசிப்போரிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பள்ளிமுனையிலும் பேசாலையிலும் தலைமன்னாரிலும் வங்காலையிலும் மைதான ஓரத்தில் நின்று ஆட்டம் பார்ப்போர் தோல்விக்குக் கூறும் முதற்காரணமும், வெற்றிக்கு நாடும் முதல் மருந்தும் இதுவே. இக்கருத்துப் பிழையானது என்பதும், நம் இளைஞரின் வளர்ச்சிக்குக் கேடு விளைப்பது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

இக்கருத்து வலுப்பெற்றமைக்கு நியாயமான பின்னணி ஒன்று உண்டு. மன்னார் மண் ஈன்ற டக்சன் பியூஸ்லஸ் இலங்கைத் தேசிய அணியின் பின்களத்தில் ஆடியவர். மாலைதீவின் வலன்சியா கழகத்திற்கும் விளையாடியவர். 2022 பெப்ரவரியில் அவர் மாலைதீவில் காலமான செய்தி இக்கரையை ஆழ்ந்த துயரில் ஆழ்த்தியது. அத்துயரினூடே எழுந்த கேள்வி, “இனி இன்னொரு டக்சன் எப்போது தோன்றுவான்?” என்பதாகும். அன்பின் வழிப்பட்ட கேள்வியே அது. ஆயினும், கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று.

தரவுகளை நோக்குவோம். 2022 உலகக் கிண்ணத்திற்கான ஆசியத் தகுதிகாண் போட்டியின் இரண்டாம் சுற்றிலே இலங்கை, தென்கொரியா, லெபனான், துருக்மெனிஸ்தான் ஆகிய நாடுகளை எதிர்கொண்டது. வடகொரியா இடையில் விலகியமையால் அதனுடன் ஆடிய ஆட்டம் கணக்கில் சேர்க்கப்படவில்லை. எஞ்சிய 6 ஆட்டங்களிலும் இலங்கை தோற்றது. அடித்த கோல்கள் 2. வாங்கிய கோல்கள் 23. 2019 ஒக்டோபரில் தென்கொரியாவிடம் 0–8 என அடைந்த தோல்வியும் இவற்றுள் அடங்கும். டக்சன் தேசிய அணி வீரராக விளங்கிய காலம் அது. இவ்வெண்களைக் கொண்டு அவரைக் குறைகூற முற்படுவோர் ஆட்டத்தின் இயல்பை அறியாதவர். நடுக்களத்தைத் தடையின்றிக் கடந்து பந்து மீண்டும் மீண்டும் வருமாயின், பின்கள வீரன் எத்துணை வல்லவனாயினும் ஒரே வேளையில் இரண்டு இடங்களில் நிற்க அவனால் இயலாது. சிறந்த வீரன் இருந்தும் அணி தாழ்ந்தே நின்றது என்பதே இவ்வெண்கள் உணர்த்தும் உண்மை.

முன்கள வீரனுக்கும் பின்கள வீரனுக்கும் உள்ள வேறுபாடு ஈண்டுக் கருதத்தக்கது. முன்கள வீரன் எண்பத்தொன்பது நிமிடம் தவறிழைத்து, தொண்ணூறாம் நிமிடத்தில் ஒரு கோலை அடித்தால் வீரனாகிவிடுகிறான். பின்களத்தின் கணக்கு இதற்கு நேர்மாறானது; எண்பத்தொன்பது நிமிடம் காத்து ஒரு நிமிடம் அயர்ந்தால் தோல்வி. அந்த அயர்வு எவருடையதாகவும் இருக்கலாம். ஓப் சைட் விதியை எடுத்துக்கொள்வோம். பின்வரிசை நால்வருள் மூவர் ஒருங்கே முன்னேற ஒருவர் பின்தங்குவாராயின், எதிரணியின் முன்கள வீரர் அனைவரையும் அந்த ஒருவரே விதிக்கு உட்பட்டவராக்கிவிடுகிறார். மூவரின் திறமையும் அக்கணத்தில் பயனற்றுப்போகிறது. எதிரணியும் அறிவுடையதே, வல்லவன் நிற்கும் பக்கத்தை விடுத்து, மெலிந்தவன் நிற்கும் பக்கமாகவே அது பந்தைச் செலுத்தும். கரைவலை இழுப்போருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மடி எவ்வளவு உறுதியாயினும், வலையில் ஓரிடம் கிழிந்திருந்தால் மீன் அவ்வழியே போகும். கிறிஸ் அன்டர்சன், டேவிட் சாலி என்னும் இருவர் 2013 இல் வெளியிட்ட உதைபந்தாட்டப் புள்ளிவிவர நூலிலும் இதே முடிவுக்கே வந்தனர்: அணியின் மிக வல்லவனை மேலும் உயர்த்துவதைவிட, மிக மெலிந்தவனை உயர்த்துவதே கூடிய பயன் தரும்.

இவ்விடத்தில் மறுப்போர் லிவர்பூல் கழகத்தை எடுத்துக்காட்டுவர். 2018 ஜனவரியில் ஏறத்தாழ 75 மில்லியன் பவுண் விலையில் வேர்ஜில் வான் டைக் அங்கு வந்தார். 2019 இல் ஐரோப்பியக் கிண்ணமும், 2020 இல் முப்பது ஆண்டுக் காத்திருப்பின் பின் இங்கிலாந்து லீக் கிண்ணமும் வந்தன. ஒருவரால் அணி மாறியதற்கு இதனினும் சான்று வேண்டுமோ என்பர். ஆயின், இடையில் நிகழ்ந்ததை அவர்கள் மறந்துவிடுகின்றனர். 2018 மே மாதம் கீயெவ் நகரில் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டத்தில் வான் டைக் ஆடினார்; லிவர்பூல் 1–3 எனத் தோற்றது. காரணம், கோல் காப்பாளர் இழைத்த இரு பெருந்தவறுகள். அவ்வாண்டுக் கோடையிலேயே கோல் காப்பாளர் அலிசனும் நடுக்கள வீரர் பபின்ஹோவும் கொணரப்பட்டனர். 2017–18 பருவத்து லீக் ஆட்டங்களில் 38 ஆக இருந்த வாங்கிய கோல்கள், அடுத்த பருவத்தில் 22 ஆகக் குறைந்தன. இதனை ஒருவர் கணக்கில் மட்டும் எழுதுவது எவ்வாறு நேர்மையாகும்?

“வான் டைக் காயமுற்றதும் அவ்வணி சரிந்ததே!” என்பர் சிலர். உண்மையே. 2020 ஒக்டோபரில் அவர் காயமுற்றார். 2021 இன் முற்பகுதியில் லிவர்பூல் சொந்த மைதானத்தில் தொடர்ந்து 6 லீக் ஆட்டங்களில் தோற்றது. ஆயினும், அதே பருவத்தில் கோமஸ், மட்டிப் ஆகிய மற்றிரு நடுப் பின்கள வீரர்களும் காயமுற்றனர். பபின்ஹோவையும் ஹென்டர்சனையும் பின்னே இழுத்ததால் நடுக்களமும் வெறுமையாயிற்று. பின்னர் பபின்ஹோவை அவருக்குரிய இடத்திற்கே மீட்டு, பெயர் பெறாத இளைஞரைப் பின்களத்தில் நிறுத்தியபோது, இறுதி 10 லீக் ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காது அவ்வணி 3 ஆம் இடம் பெற்றது. வான் டைக் அப்போதும் களத்தில் இல்லை. அணியை நிமிர்த்தியது ஒழுங்கு. ஆளுக்குரிய இடத்தில் ஆளை நிறுத்திய ஒழுங்கு.

இத்தாலியின் மிலான் கழகம் தரும் சான்று இன்னும் வலியது. 1993–94 பருவத்தில் 34 லீக் ஆட்டங்களில் 15 கோல்களையே வாங்கிய அணி அது. அதன் பின்களத் தலைவர் பரேசி. 1994 மே மாதம் ஏதென்ஸ் நகரில் பார்சிலோனாவுடன் ஐரோப்பிய இறுதியாட்டம் நிகழ்ந்தபோது, பரேசியும் அவரது துணைவர் கொஸ்தகூர்த்தாவும் தடையினால் ஆட முடியவில்லை. மிலான் அழியும் என்றனர் பலர். 4–0 என மிலான் வென்றது. உலகின் தலைசிறந்த பின்கள வீரர் இன்றியும் நிலைத்த அரண், ஆண்டுக்கணக்கில் கூடிப் பயின்ற வரிசையால் ஆக்கப்பட்டது.

சிறந்த வீரன் பயனற்றவன் என்பது எமது வாதமன்று. அவன் பக்கத்தில் நிற்பவனுக்குக் கற்பிக்கிறான். சிறுவருக்கு ஓர் இலக்கைக் காட்டுகிறான். மன்னாரிலிருந்தும் தேசியச் சீருடை அணியலாம் என்று டக்சன் காட்டியமை பெரும்பேறு. ஆனால், வழிகாட்டியை மீட்பராக எண்ணித் தொழும் மனப்பான்மையே நம்மைக் கெடுக்கிறது.

அம்மனப்பான்மையின் விளைவை நம் ஊர்களிலேயே காணலாம். சுற்றுப்போட்டி நெருங்கும்போது ஒரு கழகம் பணம் திரட்டி வெளியிடத்து வீரர் ஒருவரை அழைத்துவருகிறது என்க. கிண்ணம் கிடைக்கலாம், போட்டி முடிந்ததும் அவர் போய்விடுவார். அவருக்காக வெளியே அமர்த்தப்பட்ட பதினெட்டு வயது இளைஞன் அடுத்த ஆண்டு மைதானத்துக்கு வருவானா? பாடசாலை அணியிலோ உயரமும் உடல்வலிமையும் உடைய ஒரு மாணவனை நடுவில் நிறுத்திவிட்டு, ஏனையோருக்குப் பின்களப் பயிற்சியே அளிக்காது விடுகிறோம். அவன் பாடசாலையை விட்டு நீங்கும் நாளில் அணியும் நீங்கிவிடுகிறது.

வரிசை ஒன்று கலைவதன் பொருளை மன்னார் வரலாற்றின் வழியே அறிந்திருக்கிறது. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் வெறுமையாயின. 2009 வரை நீண்ட போரிலே கிராமங்கள் பலமுறை இடம்பெயர்ந்தன. கிராமம் கலைந்தபோது, ஒன்றாக ஓடி விளையாடிய சிறுவரும் சிதறினர். கூடி வாழ்ந்தாலன்றிக் கூடிக் காக்க இயலாது. ஆதலின், அணியைக் கட்டுதல் இங்கே விளையாட்டுக்கு அப்பாலும் பொருளுடைய பணியாகும்.

நிருவாகமும் அரணின் ஒரு பகுதியே. 2023 ஜனவரியில் பீபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலேயே அத்தடை நீங்கியது. அம்மாதங்களில் எத்தகைய வீரன் இருந்தாலும் இலங்கைக்காகச் சர்வதேசக் களம் இறங்கியிருக்க முடியாது.

செய்யத்தக்கவை யாவை? முதலாவது, வெளியாளுக்குச் செலவிடும் பணம் பன்னிரண்டு வயதிற்குட்பட்டோரின் பயிற்றுநருக்குச் செல்லட்டும். இரண்டாவது, பின்வரிசை நால்வரும் கோல் காப்பாளரும் ஓராண்டேனும் பிரிக்கப்படாது சேர்ந்து பயிலட்டும். கோல் காப்பாளருக்குத் தனிப்பயிற்சி அளிக்கப்படட்டும். மூன்றாவது, நம் போட்டிகளில் சிறந்த வீரருக்கு வழங்கும் பரிசுக்கு நிகராக, மிகக் குறைந்த கோல்களை வாங்கிய அணியின் பின்வரிசை முழுமைக்கும் ஒரு பரிசு வழங்கப்படட்டும். இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

வள்ளுவர் அரணுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். நீரும் நிலமும் மலையும் காடும் சேர்ந்ததே அரண் என்றார். ஒன்றை மட்டும் கூறி நிறுத்தவில்லை. அதிகாரத்தின் முடிவிலோ, அரண் எத்துணைச் சிறப்புடையதாயினும் உள்ளிருப்போர் செயலிற் சிறவாதவிடத்து அது இருந்தும் இல்லாததே என்றார். மன்னார் இன்னொரு டக்சனைப் பெறுமாயின் மகிழ்வோம். அவன் இடமும் வலமும் நோக்கும்போது துணை நிற்கும் தோழரை இப்போதே ஆக்குவோம்.