கொலைக் கதையின் விலை



கொன்றவன், கொல்லப்பட்டவருக்கு வாரிசாக மாட்டான். சொத்துக்காகத் தந்தையைக் கொன்ற மகனுக்கு அத்தந்தை விட்டுச் சென்ற நிலத்தில் ஒரு சாண் கூடக் கிடையாது. ஷரீஅத்தின் பாகப்பிரிவினைச் சட்டத்தை ஓதத் தொடங்கும் மதரஸா மாணவன் முதற் பாடங்களிலேயே இதைக் கற்றுக்கொள்கிறான். செய்த கொலையே செய்தவனுக்கு வருவாயாகிவிடக் கூடாது என்பதே இதன் கருத்து.

ஆனால், கொன்றவன் சொத்தில் பங்கு கேட்கவில்லை, கொன்ற கதையை எழுதி விற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பாளர் பெருந்தொகை கொடுக்கிறார். மகனைப் பறிகொடுத்த தாயோ, அப்புத்தகம் கடையில் தொங்குவதைக் கண்ட பிறகுதான் செய்தியையே அறிகிறாள். இந்தப் பணத்தில் அவளுக்கு உரிமை இல்லையா?

இக்கேள்வி 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் நகரை உலுக்கியது. 'சன் ஆஃப் சாம்' என்று தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொண்ட ஒருவன், ஓராண்டுக் காலத்தில் ஆறு பேரைச் சுட்டுக் கொன்று பிடிபட்டான். (அவனுடைய இயற்பெயரை எழுதி மேலும் விளம்பரம் தேடித் தர நமக்கு விருப்பமில்லை.) அவன் தன் கதையை விற்றுச் செல்வனாகிவிடுவான் என்ற அச்சத்தில் மாநில அரசு ஒரு சட்டம் இயற்றியது. குற்றவாளிக்குரிய புத்தகப் பணத்தைப் பதிப்பாளர் அரசு வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும்; அது ஐந்தாண்டுகள் அங்கே இருக்கும்; பாதிக்கப்பட்டோர் வழக்காடி அதிலிருந்து இழப்பீடு பெறலாம். அவர்களுக்கான அறிவிப்போ, ஆறு மாதங்களுக்கு ஒரு முறை செய்தித்தாளில் வெளியாகும். துயரத்தில் ஆழ்ந்த வீட்டில் அரசாங்க விளம்பரங்களைத் தேடிப் படிப்பவர் யார்?

1991ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. அது கூறிய காரணங்களுள் ஒன்று நமக்கு மிக நெருக்கமானது. இத்தகைய சட்டத்தின் பிடியில் மால்கம் எக்ஸ் அவர்களின் சுயசரிதையும் அகப்பட்டிருக்கும் என்று நீதிபதிகள் சுட்டிக் காட்டினர். இளமையில் செய்த திருட்டுகளை அவர் அந்நூலில் மறைக்கவில்லை. சிறையில் மனம் மாறி, 1964இல் ஹஜ்ஜு செய்து, மறு ஆண்டே சுட்டுக் கொல்லப்பட்டவர் அவர். இருளிலிருந்து மீண்டவர் தம் கதையைப் பிறருக்குப் படிப்பினையாகச் சொல்வது வேறு. அல்லாஹ் மறைத்து வைத்த பாவத்தைத் தானே பறைசாற்றித் திரிவது வேறு; அப்படிப்பட்டவனுக்கு மன்னிப்பு இல்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். இவ்விரண்டையும் பிரித்தறியாத சட்டம் வீழ்ந்ததில் நமக்கு வருத்தமில்லை.

2001ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. இந்தத் திருத்தமே நம் கருத்தை ஈர்க்கிறது. குற்றத்தின் வழியாக எந்தத் தொகையையோ, பிற வழியாக 10,000 டாலருக்கு மேற்பட்ட தொகையையோ குற்றவாளிக்குக் கொடுப்பவர், அதை அரசு அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் அபராதம். அவ்வலுவலகம், பாதிக்கப்பட்டவர்களின் கடைசியாக அறியப்பட்ட முகவரிக்கே செய்தி அனுப்பும். பணம் வந்திருப்பதை அறிந்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் அவர்கள் வழக்குத் தொடரலாம். குற்றம் நடந்த நாளிலிருந்து அல்ல, அறிந்த நாளிலிருந்து!

நமது சட்ட நூல்களைப் பயின்றோருக்கு இது புதிதன்று. கூட்டுச் சொத்தில் ஒருவர் தம் பங்கை விற்க நினைத்தால், கூட்டாளிக்கு அறிவிக்காமல் விற்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கேட்டறிந்த கூட்டாளி விரும்பினால் வாங்கலாம், விரும்பினால் விட்டுவிடலாம். அறிவிக்காமல் விற்றுவிட்டாலும் அவரது உரிமை அழிவதில்லை. இதனை 'ஷுஃப்ஆ' என்பர். செய்தி எட்டியவுடன் தாமதமின்றிக் கோர வேண்டும் என்று இமாம்கள் கண்டிப்புக் காட்டுகின்றனர். எட்டாதவரை அவர்மீது குற்றம் இல்லை என்கின்றனர். ஒரு துண்டு நிலத்துக்கே இவ்வளவு பேணுதல் என்றால், சிந்திய குருதிக்கு எவ்வளவு வேண்டும்?

ஆறிக்கொண்டிருக்கும் புண்ணை இக்கடிதம் கிளறிவிடாதா என்று சிலர் கேட்கலாம். புண்ணைக் கிளறியவர் கடிதம் எழுதியவர் அல்லர்; கதையை விலை பேசியவரே. மேலும், அடியார்களுக்குச் செய்த அநீதியில் உரியவரின் உரிமையைத் திருப்பித் தருவது தவ்பாவின் நிபந்தனையாகும். உண்மையிலேயே மனம் திருந்தியவன், அரசு கடிதம் அனுப்பட்டும் என்று காத்திருப்பானேன்? பணம் கைக்கு வந்த அன்றே அந்தத் தாயின் வீட்டுக்குத் தானே சொல்லி அனுப்பியிருக்க மாட்டானா?

கொல்லப்பட்டவரின் உறவினருக்குப் பழிக்குப்பழி கோரவும், ஈட்டுத்தொகை பெறவும், மன்னித்துவிடவும் திருமறை (2:178) இடமளிக்கிறது. கடிதம் கைக்குக் கிடைத்த தாய் வழக்குத் தொடரலாம். அந்தப் பணத்தைத் தொடவும் மாட்டேன் என்று கிழித்தெறியலாம். அல்லாஹ்வுக்காக மன்னித்தும் விடலாம். இவற்றுள் எதைச் செய்வதென்று முடிவு செய்ய வேண்டியவள் அவளே. பதிப்பாளரோ, சிறையிலிருக்கும் அவனோ அல்லர்.