தானம் வந்த மாட்டின் பல்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். வாங்கியவர் தன் வீட்டுத் தொழுவத்தில் கட்டிக்கொண்டால் சரி. அந்த மாட்டின் பாலை ஊருக்கே விற்பவர் பார்க்காமல் இருக்கலாமா? செல்போன் செயலிகளை எழுதி விடும் நிறுவனங்களோடு எனக்குள்ள சண்டை இதுதான்.

செயலி எழுதும் பிள்ளைகள் எங்காவது முட்டிக்கொண்டால், அதே சிக்கலை முன்பு தீர்த்த ஒருவர் இணையத்தில் போட்டு வைத்த நிரலை எடுத்து அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். காப்பி, பேஸ்ட். இலவசமாகக் கொடுத்தவரை நான் குறை சொல்லவில்லை. படிக்காமல் ஒட்டுகிறவரையும், ஒட்டியதை விற்கிறவரையும்தான் கேட்கிறேன்.

ஓர் உதாரணம். செயலி நம் வங்கியின் கணினியோடு பேசுமுன், எதிரில் இருப்பது அந்த வங்கிதானா என்று ஒரு சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும். வாசலில் நிற்பவரிடம் அடையாள அட்டை கேட்பது மாதிரி. செயலியைச் சோதிக்கும் நாட்களில் முறையான சான்றிதழ் இல்லாவிட்டால் 'எரர்' வரும். அதை நிறுத்த ஒரு சின்ன நிரல் துண்டு பல வருடங்களாகக் கைமாறி வருகிறது. அது செய்வதெல்லாம், 'யார் வந்தாலும் உள்ளே விடு' என்று காவலாளிக்கு உத்தரவு போடுவதுதான். எரர் போய்விடும், செயலி ஓடும், மேலாளருக்கும் சந்தோஷம். அந்தத் துண்டை எடுக்காமலே வெளியிட்டால், பொது வைஃபையில் நடுவே உட்கார்ந்து 'நான்தான் வங்கி' என்பவனிடம் செயலி நம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடும்.

இது வீண் பயம் அல்ல. 2017-இல் ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் 13 லட்சம் ஆண்ட்ராய்டு செயலிகளை அலசினார்கள். அவற்றில் 15.4 சதவீதத்தில், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்திலிருந்து எடுத்த, பாதுகாப்பு தொடர்பான நிரல் இருந்தது. அப்படி எடுத்த செயலிகளில் 97.9 சதவீதத்தில், ஓட்டையுள்ள துண்டு ஒன்றாவது இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு!

'ஒவ்வொரு வரியையும் எப்படி சார் பார்ப்பது?' என்பார்கள். யாரையும் உள்ளே விடும் அந்த நிரல் உள்ள செயலிகளை 2016-லேயே கூகுள் தன் கடையில் ஏற்க மறுக்கத் தொடங்கியது. லட்சக்கணக்கான செயலிகளை வைத்திருக்கும் கடைக்காரரால் பார்க்க முடிந்தது. ஒரே ஒரு செயலி செய்பவரால் முடியாதா?

நமக்கோ தினமும் உபதேசம்: ஓடிபி சொல்லாதீர்கள், லிங்க்கைத் தொடாதீர்கள். நல்ல உபதேசம்தான், கேட்கிறோம். ஆனால் பென்ஷன் பணம் காணாமல் போனால், 'நீங்கள் எதை அழுத்தினீர்கள்?' என்பதுதான் முதல் கேள்வி. கதவைத் திறந்து வைத்தவரை யாரும் கேட்பதில்லை.

நிரலை யார் எழுதியிருந்தாலும், செயலியில் தன் பெயரைப் போட்டவரே அதற்குப் பொறுப்பு. பணம் போனால், தங்கள் பக்கம் ஓட்டை இல்லை என்று அவர்கள் முதலில் காட்டட்டும். அதன் பிறகு நம் விரலைக் குற்றம் சொல்லட்டும்.